வெறும் தண்ணீர் ஊற்றினால் வராதா?

வணக்கம். கடுகுத் தூளைத் தண்ணீரில் கரைத்து மண்ணில் ஊற்றினால், கொஞ்ச நேரத்தில் மண்புழுக்கள் மேலே வந்துவிடும், தெரியுமா? எரிச்சல் தாங்காமல் வருகின்றன, அவ்வளவுதான். விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான் இதைக் கற்றுக்கொண்டது என் ஊரில் இல்லை, அமெரிக்காவின் மத்திய மேற்கில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில், விரல் விறைத்துப்போன ஓர் அக்டோபர் காலையில்.

அப்போது நான் அங்கே பிஎச்.டி. மாணவன். எங்கள் லேபில் பக்கத்து மேசைத் தோழிக்கு மண்புழுதான் ஆய்வு. நமக்கு மண்புழு உழவனின் நண்பன், ஆனால் அந்தப் பக்கத்துக் காடுகளில் கதையே வேறு. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறை விலகிய நிலம் அது, சொந்த மண்புழு கிடையாது. இப்போது இருப்பவை ஐரோப்பியர் குடியேறியபோது கூடவே வந்து சேர்ந்தவை. காட்டுத் தரையில் மெத்தை மாதிரி கிடக்கும் சருகை எல்லாம் அவை தின்று தீர்த்துவிடுவதால் அதை நம்பி முளைக்கும் செடிகளுக்குக் கஷ்டம்.

தோழிக்குக் கிடைத்திருந்தது ஜிகே-12 என்ற ஃபெல்லோஷிப். மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1999இல் தொடங்கிய திட்டம். ஆய்வு மாணவருக்கு ஆண்டுக்கு 30,000 டாலர் வரை உதவித்தொகை, அதற்குப் பதிலாக வாரத்துக்குப் பத்து மணி நேரம் போல ஒரு பள்ளிக்காக உழைக்க வேண்டியிருந்தது. ஆசிரியரின் இடத்தைப் பிடிப்பதற்கு இல்லை, அவர் பக்கத்தில் நின்று தன் ஆய்வையே வகுப்புக்குள் கொண்டுபோவதற்கு. குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான் என்பதால் எனக்கு வாய்ப்பில்லை. நான் அன்று போனது வாளி தூக்க.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். மரச்சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் கடுகுத் தண்ணீரை ஊற்றினோம். புழுக்கள் நெளிந்து வர, பாதிப் பேர் அலற, மீதிப் பேர் எண்ண, ஒரே கூத்து. தோழி பெருமையாக நிற்கும்போது பின்வரிசையில் இருந்து ஒரு பையன் கேட்டான்: "மிஸ், வெறும் தண்ணீர் ஊற்றினால் வராதா?"

தோழி வாயைத் திறந்தார், மூடினார். மழை பெய்தாலே மண்புழு வெளியே வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவன், நியாயமான கேள்விதானே. பிறகு இன்னொரு சட்டம் வைத்து அதே அளவு வெறும் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம், இரண்டே புழு வந்தன. சரி, கடுகு ஜெயித்தது. ஆனால் திரும்பும் வழியெல்லாம் காரில் அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார், இந்த ஒப்பீட்டை நான் என் காட்டில் ஒரு தடவைகூடச் செய்யவில்லையே என்று.

இந்தத் திட்டத்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு லாபம் என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். லாபம் இருக்கிறது, ஆனால் பெரிய பங்கு ஆய்வு மாணவருக்குப் போகிறது என்பது என் கட்சி. நான் மட்டும் சொல்லவில்லை. டேவிட் ஃபெல்டன் என்ற கல்வி ஆய்வாளரும் கூட்டாளிகளும் 95 ஆய்வு மாணவர்களிடம் கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆய்வுத் திட்டம் எழுதி வாங்கி ஒப்பிட்டார்கள். ஆய்வு மட்டும் செய்தவர்களைவிட, ஆய்வோடு பாடமும் நடத்தியவர்கள் கருதுகோள் அமைப்பதிலும் சோதனையை வடிவமைப்பதிலும் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். பாடம் என்றால் பள்ளி மட்டுமல்ல, கல்லூரி இளநிலை வகுப்புகளும் அதில் சேர்த்தி. இது சயன்ஸ் இதழில் வந்தது 2011 ஆகஸ்டில். வேடிக்கை என்னவென்றால், ஜிகே-12க்கு மூடுவிழா என்று முடிவானதும் அதே 2011இல்தான். என் கைடு போன்றவர்களுக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது. பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் ஒரு பேப்பர் எழுதலாமே என்பது அவர் கட்சி.

திட்டம் தொடங்கியபோது அறக்கட்டளையின் தலைமையில் இருந்தவர் ரீட்டா கால்வெல், காலரா ஆராய்ச்சியாளர். பழைய சேலையை நாலாக, எட்டாக மடித்துத் தண்ணீரை வடிகட்டினால் போதும், காலரா பாதியளவு குறையும் என்று வங்கதேசக் கிராமங்களில் காட்டியது அவர் குழு. கிருமி ஒட்டியிருக்கும் நுண்ணிய உயிரிகள் துணியில் தங்கிவிடும், அதுதான் சூட்சுமம். பானையும் சேலையுமாக நிற்கும் பெண்ணுக்கு விளங்கும்படி ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டிவந்தவர், ஆய்வு மாணவர்களைப் பள்ளிக்கு அனுப்பியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நம் நாட்டில் 2018இல் வந்த பிரதமர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்பிலும் வாரம் ஒரு முறை கற்பிக்க வேண்டும், ஐடிஐ, பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாதிரி இடங்களில். நல்லதுதான். ஆனால் கல்லூரிப் பிள்ளைகள் பெரும்பாலும் தேர்வுக்கு வருமா என்று கேட்பார்கள். வெறும் தண்ணீர் ஊற்றினால் வராதா என்று கேட்கிற வயது ஏழாம் வகுப்பு.

அப்புறம், தோழியின் ஆய்வேடு வந்தபோது அதில் வெறும் தண்ணீர்ச் சட்டங்களுக்குத் தனி அட்டவணையே இருந்தது. நன்றியுரையில் கைடுக்கு அடுத்த வரி: "ஏழாம் வகுப்பு, இரண்டாம் பீரியட்."