குடல் குழம்பினவனின் பாட்டு

(அறுப்பின் பண்டிகை மாலை ஆராதனையில் பேசியதன் எழுத்து வடிவம்)

கர்த்தருக்குள் பிரியமான பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைமாரே, உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

பீடத்துப் பக்கம் கட்டியிருக்கிற கரும்பையும், படியில் சாய்த்து வைத்திருக்கிற வாழைத்தார்களையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கண் நிறைகிறது. ஆனாலும் என் மனசு இன்னொரு கோவிலில் நடந்த இன்னொரு அறுப்பின் பண்டிகைக்குப் போய்ப் போய் வருகிறது. அதைச் சொல்லாமல் நான் பேச முடியாது.

2023 டிசம்பர் 17, 18. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அந்த இரண்டு நாளைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணியில் ஆறு எது, வயல் எது, ரோடு எது என்று தெரியாமல் போயிற்று. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வாசலில் ஸ்டார் தொங்கின வீடுகளுக்குள் இடுப்பளவு சேறு.

அதற்குப் பிறகு வந்த அறுப்பின் பண்டிகைக்கு, ஆற்றங்கரைச் சபை ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கோவில் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சேற்றுக் கோடு. வெள்ளையடித்தும் அது போகவில்லை. படைக்கிற நேரம் வந்தது. வழக்கமாகத் தாரும் நெல்லும் குவிகிற படியில் சில பாக்கெட் அரிசி, ஒரு சீப்புப் பழம், கடையில் வாங்கின தேங்காய்கள். கடைசியாக ஓர் அம்மா எழுந்து வந்தார்கள். கையில் ஈரச் சாக்கு. பிரித்தால், கிழங்கோடு ஒரு வாழைக்கன்று. படியெல்லாம் மண் உதிர்ந்தது. சேலைத் தலைப்பால் அதைத் துடைக்கக் குனிந்தார்கள். "தார் ஒண்ணும் இல்ல ஐயா. கன்னுதான் கெடக்கு" என்றார்கள். யாரிடம் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. போதகர் ஐயரிடமா, ஆண்டவரிடமா?

பிறகு பாட்டு. எல்லாரும் எழுந்தோம். அந்த அம்மா கையில் பாட்டுப் புத்தகம் விரிந்திருந்தது. வாய் அசையவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

நான் அன்றைக்குத் தயார்பண்ணிக்கொண்டு போன பிரசங்கம் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம் மூன்றாம் அதிகாரம். நமக்கெல்லாம் மனப்பாடமான வசனம்தான். "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும், ஒலிவமரத்தின் பலன் அற்றுப்போனாலும், வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும், கிடையில் ஆட்டுமந்தைகள் முதலற்றுப்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன், என் இரட்சிப்பின் தேவனுக்குள் களிகூருவேன்." இதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறோம். கல்யாணத்தில் வாசிக்கிறோம். ஆனால் இது அலங்கார வசனம் இல்லை. அந்த ஆறு பெயரையும் எண்ணிப் பாருங்கள். அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆடு, மாடு. யூதேயா நாட்டு விவசாயி ஒருவனின் மொத்தச் சொத்துப் பட்டியல் அது. விளக்குக்கு எண்ணெய் இல்லை, அப்பத்துக்குத் தானியம் இல்லை, உடுப்புக்கு ஆட்டுமயிர் இல்லை. நம்மூர்ப் பாஷையில் சொன்னால் தார் இல்லை, கன்றுதான் கிடக்கிறது.

நாம் எல்லாரும் பதினேழாம் வசனத்தில் ஆரம்பிக்கிறோம். அதற்கு முந்தின வசனத்தை ஒருவரும் சட்டம் போடுவதில்லை. அங்கே ஆபகூக், வரப்போகிற பாபிலோன் படையைப் பற்றிக் கேட்டதும் தன் குடல் குழம்பினதாகச் சொல்லுகிறான். உதடு துடித்தது என்கிறான். எலும்புக்குள் உக்கிப்போனது, நின்ற இடத்திலேயே நடுங்கினேன் என்கிறான். பயமே தெரியாத வீரன் பாடின பாட்டு இல்லை இது. குடல் குழம்பினவன் பாடினது. அதே மனுஷன்தான் முதல் அதிகாரத்தில், எத்தனை நாள்தான் கூப்பிடுவது, ஏன் கேட்கமாட்டேன் என்கிறீர் என்று ஆண்டவரோடு வழக்காடினவன். அந்த வழக்கை அவன் வாபஸ் வாங்கவில்லை. அதோடு சேர்த்தே பாடுகிறான். பாடிவிட்டு, இதை நரம்பு வாத்தியத்தோடு பாடுங்கள் என்று இராகத்தலைவன் கையில் கொடுத்துவிட்டான். நடுக்கத்தையும் சேர்த்துத்தான் கொடுத்தான்.

துன்பத்தில் துதிப்பது என்றால் துன்பத்தை மறைப்பது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொதிக்கிற பானைக்கு மூடி போடுகிற மாதிரி, அழுகை வந்தால் அதன்மேல் ஒரு அல்லேலூயாவைப் போட்டு அமுக்கிவிடுவது. வேதம் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. எபிரெயத்தில் சங்கீதப் புத்தகத்துக்குப் பேர் என்ன தெரியுமா? தெஹில்லிம். துதிகள் என்று அர்த்தம். அந்தத் துதிகளின் புத்தகத்தில் 150 சங்கீதங்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்! எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கேட்கிறது பதின்மூன்றாம் சங்கீதம். எண்பத்தெட்டாம் சங்கீதமோ கடைசி வரி வரைக்கும் விடியவே விடியாது. சிநேகிதரும் தோழரும் விலகிப்போனார்கள் என்று சொல்லி அப்படியே முடிந்துவிடும். அதையும் துதிகள் என்கிற பேரிலேதான் கோர்த்து வைத்தார்கள். ஏன்? அதன் முதல் வரியைப் பாருங்கள். "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று ஆரம்பிக்கிறது. ஆபகூக்கின் வாயில் இருந்த அதே வார்த்தை, என் இரட்சிப்பின் தேவன். முகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அழுகிற அழுகையைப் பரிசுத்த வேதம் துதிக் கணக்கில் சேர்க்கிறது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு கடன் உண்டு. வாலிப வயதில் ஒரு துக்க வீட்டுக்குப் போனேன். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, எல்லாம் நன்மைக்குத்தான், ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கையை மெல்ல உருவிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். வசனம் தெரிந்திருந்தது, வாயை அடக்கத் தெரியவில்லை எனக்கு. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் செய்ததில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்று சொன்னது யார்? யோபு. சால்வையைக் கிழித்து, தலையைச் சிரைத்து, தரையில் விழுந்த பிறகு அவனே சொன்னான். பக்கத்து வீட்டுக்காரன் வந்து சொல்லச் சொல்லவில்லை. ஸ்தோத்திரபலி என்று எபிரெயர் நிருபம் சொல்லுகிறது. பலியை அவனவன்தான் கொண்டுவரவேண்டும். அடுத்தவன் தொழுவத்திலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு வரக்கூடாது.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினாரே, அது என்ன என்று கேட்பீர்கள். எல்லாவற்றிலேயும் என்றார். வெள்ளத்திலேயும், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயும், கடன்காரன் வாசலில் நிற்கிறபோதும். அந்த இடத்துக்குள்ளேயே நன்றி சொல்ல இடமுண்டு என்றார். எபேசியருக்கு எழுதும்போது எல்லாவற்றிற்காகவும் என்றே எழுதுகிறார், அதையும் நான் ஒளிக்கவில்லை. ஆனால் பவுல் தம்முடைய நிருபங்களில் எதெதற்கு நன்றி சொல்லுகிறார் என்று எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மனுஷருக்காக. உங்கள் விசுவாசத்துக்காக, உங்கள் அன்புக்காக, உங்களை நினைக்கும்போதெல்லாம் ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறார். தன் மாம்சத்தில் முள் குத்தினபோதோ, எடுத்துப்போடும் என்று மூன்று தரம் கெஞ்சினார்.

அதே பவுல் பிலிப்பிச் சிறையில் பாடினதைப் பார்ப்போம். நடுராத்திரியிலே பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவு திறந்தது என்று நாம் வேகமாகக் கதவுக்கு ஓடிவிடுகிறோம். கொஞ்சம் நில்லுங்கள். அவர்கள் முதுகில் தடியடி. கால் தொழுமரத்தில். சிறைச்சாலைக்காரன் அவர்கள் காயங்களைக் கழுவினது எப்போது? பூமி அதிர்ந்த பிறகு. அப்படியானால் பாடின நேரத்தில் காயத்தில் இரத்தம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவாத காயத்தோடு பாடின பாட்டு. "காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்" என்று லூக்கா ஒரு வரி சேர்த்து வைத்திருக்கிறார். பக்கத்து அறையில் பாட முடியாமல் கிடந்தவனுக்கும் அந்தப் பாட்டு எட்டியது.

அதோடு அந்த அதிகாரம் முடியவில்லை. விடிந்ததும் அதிகாரிகள், போகலாம் என்று சொல்லியனுப்பினார்கள். பவுல் போகவில்லை! ரோமரான எங்களை விசாரணையில்லாமல் வெளியரங்கமாய் அடித்தார்கள், இப்போது இரகசியமாய் அனுப்புவார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே விடட்டும் என்றார். இராத்திரி துதி பாடின அதே வாய்தான் காலையில் நியாயம் கேட்டது. இதை ஆற்றங்கரைச் சபையில் அழுத்திச் சொன்னேன், இங்கேயும் சொல்லுகிறேன். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டோமே, இனிமேல் தாலுகா ஆபீஸில் போய் நிவாரணம் கேட்டால் அவிசுவாசமாகுமோ என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். ஐயா, மனு எழுதுங்கள். பயிர்க் காப்பீட்டுக்கு அலையுங்கள். வி.ஏ.ஓ. கையெழுத்துப் போடும்வரை நில்லுங்கள். துதிக்கிறவன் ஊமை ஆகவேண்டும் என்று கர்த்தர் எங்கேயும் சொல்லவில்லை.

ஜெர்மனியில் சாக்சனி நாட்டில் ஐலன்பர்க் என்று ஒரு ஊர். மதில் சூழ்ந்த சின்னப் பட்டணம். அங்கே பீப்பாய் செய்கிறவர் வீட்டில் 1586இல் பிறந்தவர் மார்ட்டின் ரிங்கார்ட். 1617இல் சொந்த ஊருக்கே போதகராக வந்தார். அடுத்த வருஷம் முப்பது வருஷ யுத்தம் தொடங்கிற்று. மதிலுக்குள் அகதிகள் வந்து நெருங்கினார்கள். 1637இல் கொள்ளைநோய். மற்றப் போதகர்களில் செத்தவர் செத்தார்கள், ஊரைவிட்டுப் போனவர் போனார்கள். ரிங்கார்ட் ஒருவரே மிஞ்சினார். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது அடக்க ஆராதனை. அந்த வருஷத்தில் அவர் அடக்கம்பண்ணினவர்கள் நாலாயிரத்துக்கும் மேல் என்று சொல்லுகிறார்கள். அதில் ஒன்று அவர் மனைவியின் பெட்டி. அதன் பின்னாலேயே பஞ்சம்.

இந்த மனுஷர் எழுதின நன்றிப் பாட்டு ஒன்றை இன்றைக்கும் உலகம் முழுவதும் சபைகள் பாடுகின்றன. பிரேதங்களின் நடுவே உட்கார்ந்து எழுதினார் என்று பிரசங்கங்களில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது அப்படி இல்லாமல் இருக்கலாம். சாப்பாட்டு வேளையில் தன் பிள்ளைகள் சொல்லுவதற்காக அதை எழுதினார் என்று சொல்லுகிறார்கள். கொள்ளைநோய்க்கு முன்னேயே அது உண்டாகியிருக்கவேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு இதுதான் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. தாயின் கையில் இருந்த நாள் முதல் எண்ணிமுடியாத நன்மை செய்தார் என்று சாப்பாட்டு மேசையில் பாடப் பழகின பிள்ளைகள், பிறகு அந்தத் தாயையே குழிக்குக் கொண்டுபோனார்கள். கஷ்டம் வந்த அன்றைக்குப் புதிதாகத் துதி கற்றுக்கொள்ள யாராலும் முடியாது. தானியேல் சிங்கக்கெபிக்குப் பயந்து திடீரென்று முழங்கால் போடவில்லை. தான் முன் செய்துவந்தபடியே தினம் மூன்று வேளையும் ஸ்தோத்திரம் செலுத்தினான் என்றிருக்கிறது. முன் செய்துவந்தபடியே! தாய்மாரே, சோற்றுக்கு முன்னால் பிள்ளையின் கையைக் குவிக்க வைக்கிறீர்களே, அதை அற்பமாக எண்ணாதேயுங்கள். நாம் தெருவில் பார்த்ததும் "தோத்திரம் ஐயா" என்கிறோமே, வெறும் பழக்கம்தானே என்று சிலர் குறைசொல்லுகிறார்கள். பழக்கமாகவே இருக்கட்டும். மனசு மரத்துப்போகிற நாளில் நாக்குக்குத் தெரிந்த வழியில் மனசு பின்னாலே வரும்.

கடைசியாக அந்த மேல்வீட்டு அறைக்கு வாருங்கள். ஆண்டவர் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணினார் என்று பவுல் எழுதுகிறார். எப்போது? தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே. நம்முடைய கத்தோலிக்கச் சகோதரர் நற்கருணை என்று சொல்லுகிற அந்தப் பந்திக்குக் கிரேக்கத்தில் இருக்கிற பேரே நன்றி செலுத்துதல் என்பதுதான். போஜனம் முடிந்ததும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினார்கள். பஸ்காவில் யூதர் பாடுகிறது 113 முதல் 118 வரைக்குமுள்ள சங்கீதங்கள். அவற்றில் கடைசியாக வருவது 118. அப்படியானால் அன்றைக்கு நம் ஆண்டவர் வாயில் இருந்திருக்கக்கூடிய வரி எது? "இது கர்த்தர் உண்டுபண்ணின நாள், இதிலே களிகூர்ந்து மகிழக்கடவோம்." பிறந்தநாள் வாழ்த்தில் அச்சடிக்கிறோமே, அதே வரி. பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார். போய்ச் சேர்ந்ததும், என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்றார். பாடின வாயும் அந்த வாய்தான், துக்கத்தைச் சொன்ன வாயும் அந்த வாய்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு கெதரோன் ஆற்றுத் தூரம்.

அந்த அம்மாவின் வாழைக்கன்று அன்றைக்கு ஏலத்துக்கு வந்தது. ஒரு பெரியவர் ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்தார். எடுத்த கையோடு அதை அந்த அம்மாவிடமே நீட்டினார். "நீங்களே வைங்கம்மா" என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. வாங்கி, அதே ஈரச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆசீர்வாதம் கூறும்வரை அது மடியில்தான் இருந்தது. பாடாமலே அவர்கள் அன்றைக்குச் செலுத்தின அந்த ஸ்தோத்திரத்தை என் ஆண்டவர் கேட்டார் என்று நான் முழுமனதோடு விசுவாசிக்கிறேன்.

இப்போது உபதேசியார் கீர்த்தனையைத் தொடங்குவார். பாட முடிந்தவர்கள் எழுந்து நின்று நன்றாகச் சத்தமாகப் பாடுங்கள். இந்த வருஷம் வீட்டில் ஓர் இடம் காலியானவர்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறவர்கள், தொண்டை அடைக்கிறவர்கள் அப்படியே உட்கார்ந்திருங்கள். ஒருவரும் உங்களைத் திரும்பிப் பார்க்கமாட்டோம். பாட்டை நாங்கள் பிடித்துக்கொள்ளுகிறோம். நடுவில் எந்தச் சரணத்தில் உங்களால் முடிகிறதோ, அங்கே வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.