கல்யாணம் கழிந்த முதல் வெட்டு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். குலசேகரம் பக்கத்தில் கொஞ்சம் ரப்பர் வைத்திருக்கிறவன் நான். இடையில் அறுந்துபோன வேலையை மறுபடி பிடிப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். என்னிடம் எதைக் கேட்டாலும் பேச்சு ரப்பரில்தான் போய் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண்ணுக்குக் கல்யாணம் நடத்தினவர்களுக்குத் தெரியும். அழைப்பு, பந்தல், சொந்தக்காரர், பிறகு மறுவீடு. எல்லாம் முடிந்தபின், வாடகைக்கு எடுத்த சமையல் வார்ப்பு ஒன்று குறைகிறது என்று ஒரு வழக்கு. எங்கள் மூத்தவள் கல்யாணத்தில் 22 நாள் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. பாலெடுக்க மரப்பட்டையைக் கத்தியால் சீவுவதைத்தான் வெட்டு என்போம். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டு. ஆக 11 வெட்டு போச்சு. கடன் வேறு.

அந்த ஆத்திரத்தோடு ஒரு நாள் காலை நாலு மணிக்கு ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இருட்டில் எதற்கு என்பீர்கள். வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரழுத்தம் குறையும், பால் ஓட்டமும் குறையும். 280 மரம். ஒரு சிரட்டையும் பாதி நிறையவில்லை. பால் கொஞ்சம் ஓடி, வெட்டின வாயிலேயே உறைந்து நின்றுவிட்டது. ஆழம் போதவில்லை என்று எனக்கு நானே முடிவு கட்டி, கத்தியை அழுத்தினேன்.

பால்குழல்கள் பட்டையின் உள்ளோரத்தில்தான் நெருக்கம். அதனால் நான் நினைத்ததில் பாதி சரி. ஆனால் பட்டைக்கும் தடிக்கும் நடுவில் புதுப்பட்டை வளர்க்கிற மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே கத்தி நிற்க வேண்டும். என் கத்தி நிற்கவில்லை. அந்த மரங்களில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளர்ந்தது. இன்றைக்கும் தடவிப் பார்த்தால் அந்தக் கல்யாணம் ஞாபகம் வரும்.

எனக்கு வெட்டு பழக்கின ஆசான் அன்று அந்த வழியாக வந்தார். மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மரம் ஒறங்கிக் கெடக்குல்லா மக்கா. தட்டித்தான் எளுப்பணும், குத்தி எளுப்பப்பிடாது.”

ஓய்ந்து கிடந்த மரம் முதல் வெட்டில் நிறையப் பால் தராது. நாலைந்து வெட்டு முறையாகப் போனால், தானாகக் கூடி பழைய அளவுக்கு வரும். அதுவரை சிரட்டையைப் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது. மரத்தடிக்குப் போனோமா என்று மட்டும் பார்க்கணும். போன 11 வெட்டைப் பிடிக்கிறேன் என்று தினமும் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகலாம். திரும்பச் சொல்கிறேன், போனது போனதுதான்.

மரம் மட்டுமா? கல்யாண வீட்டில் பன்னிரண்டு மணிக்குப் படுத்துப் பழகின உடம்பு நாலு மணிக்கு எழும்புமா? இளையவள் கல்யாணத்துக்குப் பிறகு நான் முதலில் சரிசெய்தது படுக்கிற நேரத்தைத்தான். முதல் நாள் 100 மரம், அவ்வளவுதான். எழுந்ததும் தேடாமலிருக்க, முந்தின ராத்திரியே கத்தியைத் தீட்டித் திண்ணையில் வைத்துவிடுவேன். வீட்டுக்காரி சிரித்தாள், சிரிக்கட்டும்.

குளச்சல் விசைப்படகுக்காரர்களைப் பற்றியும் நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். ஜூன், ஜூலை 61 நாள் மீன்பிடித் தடை. கிழக்குக் கரைக் கணக்கில் வருகிற நம் சின்னமுட்டம் துறைமுகத்தில் அதே தடை ஏப்ரல் 15-லேயே தொடங்கிவிடும், ஒரே மாவட்டத்தில் இரண்டு கணக்கு. தடை முடிகிற அன்றைக்கா வலையைத் தேடுகிறார்கள்? அதற்கு முன்னமே... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷமாம். அதை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். எனக்கும் நாளைக்கு வெட்டு உண்டு. வணக்கம்.