ஆமா, நான் பேப்பர் லாமாக்காரன்தான்

நடுவர் அவர்களுக்கு வணக்கம், ரெண்டு அணிக்கும் வணக்கம், வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி மீகூன் ஆறிக்கிட்டு இருக்கு, அதனால வாழ்த்துப்பா எல்லாம் கிடையாது.

தலைப்பு என்ன? ராக் மியூசிக்க இன்னைக்கு உயிரோட வெச்சிருக்கிறது பழைய பாணிய புதுசா வாசிக்கிற பேண்டுங்களா, இல்ல யாருக்கும் தெரியாம போன பழைய ரெக்கார்டுங்கள தேடி எடுக்கிறவங்களா. நாங்க தேடி எடுக்கிற கட்சி. உண்மைய சொன்னா போன மாசம் ஏற்பாட்டுக்காரர் போன் பண்ணப்ப எந்த அணின்னு கூட நான் கேக்கல, மைக் நல்லா இருக்குமான்னுதான் கேட்டேன். ஆனா இப்ப செத்தாலும் இந்த அணிதான், ஏன்னா எதிரணியில அந்த நீலப் புடவை தங்கச்சி என்ன சொல்லிட்டு போனாங்க? "இவங்க எல்லாம் கழுத்துல ஹெட்ஃபோன் மாட்டின பேப்பர் லாமாக்காரங்க." அதாவது லோரியில தெருத்தெருவா வந்து பழைய பேப்பர நிறுத்து வாங்கிட்டுப் போறவங்களாம் நாங்க. எல்லாரும் கை தட்டுனீங்க. நடுவரும் தட்டுனாரு. மூணாவது வரிசையில என் பொண்டாட்டி தட்டுறா, அதான்லா வலிக்குது.

தங்கச்சி, பேப்பர் லாமாக்காரங்கன்னா அவ்வளவு இளப்பமா? நான் ஒரு கதை சொல்றேன்.

எங்க வீடு பினாங்குல ஆயர் ஈத்தாம் பக்கம் ஃபிளாட்டு. எங்கப்பா ஹார்பர்ல கிரேன் ஓட்டுனவரு, தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. அவரு சின்ன வயசுல வாங்குன ரெக்கார்ட் ஒரு முப்பது இருந்துச்சு, எல்லாம் சின்ன பிளேட்டு, 45 ஓடுறது. ஒரு சனிக்கிழமை நான் வேலை முடிஞ்சு வரேன், அலமாரி காலி. "அம்மா, பிளேட்டு எங்க?" "குசினியில கழுவி வெச்சிருக்கேன்." "அந்த பிளேட்டு இல்லம்மா, அப்பா பிளேட்டு." "அதுவா? பேப்பர் லாமா வந்தான், பழைய நாளிதழோட சேத்து நிறுத்துப் போட்டுட்டேன்." எவ்வளவு கிடைச்சுதுன்னு நினைக்கிறீங்க? நாலு வெள்ளி இருபது காசு! அதையும் முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்காங்க.

எடுத்தேன் இஎக்ஸ்5 மோட்டார் பைக்க. உங்களுக்கே தெரியும், லோரிய கண்ணால பாக்க முடியாது, காதாலதான் புடிக்கணும், "சுராட் காபார் லாமா... பெசி புரோக்..." பழைய பேப்பர், பழைய இரும்புன்னு மலாய்ல கத்துற அந்த ரெக்கார்டிங் எந்தப் பக்கம் கேக்குதோ அந்தப் பக்கம் திருப்பணும். ஃபார்லிம்ல கேக்குது, போறேன், வேற லோரி, அதுல பழைய ஃபேன் மட்டும்தான் இருக்கு. பாயா தெருபோங் ரோட்டுல ஸ்பீக்கர் சத்தம், விரட்டிக்கிட்டு போய் முன்னாடி மோட்டார குறுக்கப் போட்டு நிறுத்துறேன், பாத்தா அது டுரியான் லோரி! அந்த அங்கிள் என்ன நினைச்சாரு? டுரியானுக்கு உசுர குடுக்கிற ஆளு வந்துட்டான்னு நினைச்சு, நான் வாயத் திறக்கிறதுக்குள்ள ஒண்ண எடை போட்டு முப்பத்தஞ்சு வெள்ளிங்கிறாரு. நடு ரோட்டுல நிறுத்திட்டு வாங்காம வர முடியுமா? வாங்குனேன். மோட்டார் கூடையில டுரியான், கண்ணுல தண்ணி, காதுல சுராட் காபார் லாமா. இதான் தங்கச்சி, ஆராய்ச்சின்றது.

ஜெலுத்தோங்ல புடிச்சேன். "அங்கிள், பிரிங் ஹித்தாம் அடா?" கருப்புப் பிளேட்டு இருக்கான்னு கேட்டேன். அவரு என் மூஞ்சிய பாத்தாரு, வேர்வைய பாத்தாரு, சீட்டுக்கு கீழ இருந்து எங்கப்பா ரெக்கார்டுங்கள எடுத்தாரு. கவனிங்க, பின்னாடி பேப்பரோட போடல, சீட்டுக்கு கீழ துணி சுத்தி வெச்சிருக்காரு. "இனி லாகு யே யே. சூசா சாரி." இது யே யே பாட்டு, கிடைக்காதுங்கிறாரு! வீட்டுல கூடவே வெச்சிருந்த எங்களுக்கு தெரியல, நாலு வெள்ளிக்கு வாங்குன மனுஷனுக்கு தெரிஞ்சிருக்கு. எவ்வளவுன்னேன். நூத்தம்பதுன்னாரு. கையில இருந்தது எம்பது. அவரு கூடைய பாத்தாரு. நான் கூடைய பாத்தேன். எம்பது வெள்ளி, ஒரு டுரியான், பேரம் முடிஞ்சுது.

சிரிக்கிறீங்க. இப்ப சொல்லுங்க, அந்த மனுஷன் கேவலமா? நாம தூக்கிப் போட்டத அவருதான் துணி சுத்தி வெச்சாரு.

அந்த யே யே பாட்டுன்னா என்னன்னு இளவட்டத்துக்கு சொல்லிடுறேன். 1961ல இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவரோட கிட்டார் பேண்டு ஷேடோஸும் சிங்கப்பூர் வந்து வாசிச்சிட்டு போனாங்க, அதுக்கப்புறம் இங்க தெருவுக்கு தெரு கிட்டார் பேண்டு, எம். ஒஸ்மான், ஜெஃப்ரிடின், ஏ. ரம்லின்னு ஒரு பெரிய கூட்டமே மலாய்ல பாடுச்சு. பீட்டில்ஸோட யே யே யே சத்தத்துல இருந்துதான் அந்தப் பேரே வந்துச்சு. எழுபதுல எல்லாம் ஓஞ்சு போச்சு. 2014ல அத தொகுத்து வெளியிட்டது யாரு? நாமளா? ஒரு அமெரிக்கக்காரரு, அங்க இருக்கிற கம்பெனி. எங்கம்மா நிறுத்துப் போட்டத அவங்க விலை போட்டு விக்கிறாங்க. லோரோங் கூலிட் சந்தையில காலையில போய் தரையில குந்தி கிளறுனா ஒண்ணு ரெண்டு இன்னும் கிடைக்கும், ஆனா இந்த ஹால்ல எத்தனை பேரு போயிருக்கோம்? பழைய டார்ச்லைட் வாங்க போயிருப்போம்.

சரி, எதிரணி வாதத்துக்கு வரேன், இல்லன்னா நடுவர் மார்க்க குறைப்பாரு. கிரேட்டா வான் ஃபிளீட்ட பத்தி பத்து நிமிஷம் உருகுனாங்க. மிச்சிகன் பசங்க, மூணு பேரு கூடப் பொறந்தவங்க, 2019ல சிறந்த ராக் ஆல்பத்துக்கு கிராமி வாங்குனாங்க, ஒத்துக்கிறேன். பையன் குரலு ஏழு வீடு கேக்குது. ஆனா ரெண்டு பாட்டு கேட்டதும் எனக்கு என்ன தோணுச்சுன்னா, அதே பாணியில எழுபதுலயே வாசிச்ச இங்கிலாந்து பேண்டு லெட் செப்லின் கேக்கணும்போல இருந்துச்சு. பெரியம்மா வெச்ச மீன் குழம்ப சாப்பிடும்போது ஆயா குழம்பு ஞாபகம் வர மாதிரி. பெரியம்மா மேல தப்பில்ல.

உடனே அவங்க ரெண்டாவது பேச்சாளர், "லெட் செப்லினே காப்பிதானே"ன்னாரு. ஆமா அண்ணே, வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962ல பாடுன ப்ளூஸ் பாட்டு ஒண்ண எடுத்து வேலைய காட்டுனாங்க, டிக்சன் 1985ல வழக்கு போட்டாரு, 1987ல பேசி முடிச்சாங்க. ஆனா அந்த பழைய ரெக்கார்ட் இல்லன்னா எத வெச்சு டிக்சன் நியாயம் கேப்பாரு அண்ணே? எனக்குத்தான் பாயிண்ட் எடுத்து குடுத்திருக்கீங்க, நன்றி.

க்ருவாங்பின்னையும் அவங்க கட்சியில சேத்துக்கிட்டாங்க. அதெப்படி? டெக்சாஸ்ல ஹூஸ்டன்காரங்க மூணு பேரு, அறுபது எழுபதுல வந்த தாய்லாந்து பாட்டுங்கள தேடிக் கேட்டு, அதுல ஊறி, பேரையே தாய் மொழியில ஏரோப்பிளேன்னு வெச்சுக்கிட்டாங்க. ஹூஸ்டன்ல இருந்து தேடியிருக்காங்க. நாம எல்லையில பாடாங் பெசார தாண்டி தாய்லாந்து ஹாட்யாய்க்கு வருஷா வருஷம் போறோம், என்ன தேடுறோம்? டாம்யாம் சூப்பு. சூடு பத்தலன்னு வேற குறை.

இன்னொண்ணு, சத்தம் போடாம கேளுங்க. டெட்ராய்ட்ல டேவிட், பாபி, டானிஸ் ஹாக்னின்னு மூணு அண்ணந்தம்பிங்க, கருப்பர் வீட்டுப் பசங்க, பேண்டுக்கு பேரு டெத். சாவு! 1975ல ரெக்கார்ட் பண்ணாங்க, பங்க் ராக்குங்கிற பேரு பரவுறதுக்கு முன்னாடியே அந்த வேகத்துல வாசிச்சிருக்காங்க. பெரிய கம்பெனி முதலாளி பேர மட்டும் மாத்துங்கன்னாரு. முடியாதுன்னுட்டாரு டேவிட். அவ்வளவுதான், கதவு மூடிருச்சு. சொந்த செலவுல ஐந்நூறு காப்பி போட்டாங்க, போன இடம் தெரியல. டேவிட் அந்த டேப்புங்கள தம்பிகிட்ட குடுத்து, ஒரு நாள் உலகம் தேடி வரும், பத்திரமா வைன்னு சொல்லிட்டு 2000ல கேன்சர்ல போயிட்டாரு. ரெக்கார்ட் தேடுற கிறுக்கனுங்க எவன் கையிலயோ அந்த ஐந்நூறுல ஒண்ணு சிக்கி, 2009ல தான் ஆல்பமா வந்துச்சு. தம்பி பாபியோட பசங்களுக்கே அப்பா இப்படி வாசிச்சிருக்காருன்னு அப்பதான் தெரியும், கேட்டுட்டு அவங்களே ஒரு பேண்டு ஆரம்பிச்சு அந்தப் பாட்டெல்லாம் வாசிச்சாங்க... ஐயையோ, இது எதிரணி பாயிண்டு ஆச்சே. தங்கச்சி, நீங்க இத கேக்கல, எழுதாதீங்க.

ஒரு மணி அடிச்சாச்சா? ரெண்டு நிமிஷம் நடுவர் அவர்களே. கதைய முடிக்கல.

ரெக்கார்டுங்கள வீட்டுக்கு கொண்டு வந்தேன். பிளேயர் அலமாரி மேல இருக்கு, அம்மா அதுக்கு மேல துணி போட்டு ஊறுகாய் ஜாடி வெச்சிருந்தாங்க. இறக்குனேன். உள்ள பெல்ட் இத்துப் போயிருக்கு, ரெண்டு ரப்பர் பேண்ட மாட்டுனேன். ஊசி வெக்கிற கை மேல பாத்தா, ஒரு பத்து காசு, பாராளுமன்றக் கட்டடம் படம் போட்ட அந்தப் பழைய பத்து காசு, பிளாஸ்டர் போட்டு ஒட்டி இருக்கு. ஊசி தாண்டிக் குதிக்கக் கூடாதுன்னு அப்பா ஒட்டுனது. பிளாஸ்டர் மஞ்சளாயிருச்சு, ஓரத்துல அவரு விரல் அழுக்கு இன்னும் இருக்கு. அந்த மனுஷன் எங்களோட உக்காந்து ஒரு பாட்டு பேசுனதில்ல. வேலை, சாப்பாடு, தூக்கம். அவ்வளவுதான் எனக்கு தெரிஞ்ச அப்பா.

பாட்ட போட்டேன். ரப்பர் பேண்டுல சுத்துதா, பாடுறவரு கொஞ்சம் தள்ளாடுறாரு, கிட்டார் மட்டும் கணீர்னு வருது. பாதியில போய் ஒரு வார்த்தையில மாட்டிக்கிச்சு, திரும்பத் திரும்ப அதே வார்த்தை. நான் கைய வெக்கப் போறேன். குசினியில இருந்து சத்தம், "தூக்காத! அந்த இடத்துல எப்பவும் மாட்டும். காசு மேல லேசா விரல வை, அவரு அப்படித்தான் வைப்பாரு."

நாலு வெள்ளி இருபது காசுக்கு நிறுத்துப் போட்ட எங்கம்மா!

எனக்கு வெக்கத் தெரியல, அழுத்திட்டேன், கரகரன்னுது. முந்தானையில கைய துடைச்சிக்கிட்டு வந்து அவங்களே அந்த பத்து காசு மேல ஒத்த விரல வெச்சாங்க. பாட்டு தாண்டிப் போச்சு. விரல எடுக்கல. அடுப்புல தேங்காப்பால் பொங்கி வழியுற வாசனை வருது, எங்கம்மா அடுப்புல எதையும் பொங்க விட்டு நான் பாத்ததே இல்ல, அன்னைக்கு திரும்பிக்கூட பாக்கல.

ரெண்டாவது மணியும் அடிச்சிட்டீங்க. வணக்கம்.