அந்த மாத்திரையையும் அதே ஜன்னலில் கொடுங்கள்

(உலக மனநல நாளையொட்டி எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பேசியது.)

தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, காய்ச்சல் முகாமுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் அவர்களே, மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் அவர்களே, அரிமா சங்கத்துப் பெரியவர்களே, நாற்காலியும் மைக் செட்டும் இலவசமாகக் கொடுத்துவிட்டுத் தன் பெயரை மேடையில் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்ட பந்தல்காரரே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். இரண்டும் வந்துவிட்டது. நூலகர் அய்யாவுக்கு நன்றி. பொன்னாடை போர்த்திய தம்பிக்கும் நன்றி.

'மனநோயும் நம் பண்பாடும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். யார் என்ன மாத்திரையை எப்படி மறைத்து வாங்குகிறார்கள் என்று ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்தவன். மூன்று செய்தி குறித்து வந்திருக்கிறேன். ஒன்று, கோயிலும் தர்காவும். இரண்டு, கல்யாணம். மூன்று, சினிமா. கடைசியில் மருந்து ஜன்னலைப் பற்றியும் பேசுவேன். நான் எந்த மேடை ஏறினாலும் அது வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மனநோய் வந்த வீட்டில் நோயைவிடப் பெரிய பயம் அந்த ஊர் வாய்தான். பிள்ளை ராத்திரி தூங்காமல் தனக்குத்தானே பேசுகிறான் என்றால், முதலில் அடைப்பது ஜன்னல் கதவை. அப்புறம்தான் டாக்டர்.

கோயில், தர்கா என்றதும் நம்மில் படித்தவர்கள் சிரித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் இருக்கிறது. மனம் சரியில்லாதவர்களை அங்கே ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைப்பார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போகிறார்கள். ஏன் போகிறார்கள்? அங்கே யாரும் உங்களைக் குற்றம் சொல்வதில்லை. பேய் பிடித்தது, யாரோ செய்வினை வைத்தார்கள் என்றால் தப்பு வெளியில் இருக்கிறது. உங்கள் ரத்தத்தில் இல்லை. பேய் பிடித்த வீட்டுக்கு ஊரே வேப்பிலையோடு வரும். அதே பிள்ளை மாத்திரை சாப்பிடுகிறான் என்று தெரிந்தால் தங்கச்சிக்குப் பார்த்த வரன் நின்றுபோகும். இவ்வளவுதான் கணக்கு. தாயும் தகப்பனும் முட்டாள்கள் இல்லை. கணக்குப் பார்த்துத்தான் வண்டி ஏறுகிறார்கள்.

கோயிலில் தங்குவது பயன் தரவே தராது என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் ஒரு சின்னக் கோயிலில் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூரில் இருக்கும் நிமான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனத்தின் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். தங்கி முடித்துக் கிளம்பும்போது நோயின் அறிகுறிகள் ஓரளவு குறைந்திருந்தன என்று 2002இல் எழுதினார்கள். அன்பாக நடத்தும் இடம், நேரத்துக்குச் சோறு, ஏசாத மனிதர்கள். அதற்கும் ஒரு பலன் இருக்கிறது.

ஆனால் சங்கிலிக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் விடியற்காலையில் கொட்டகை பற்றிக்கொண்டது. கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. அந்த 28 பேரைக் கொண்டுபோய் விட்டவர்களும் சொந்தக்காரர்கள்தான். வீட்டில் வைத்திருந்தால் ஊர் பேசும் என்று விட்டார்கள்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். இந்துத் திருமணச் சட்டம் வந்தது 1955இல். 1976இல் அதைத் திருத்தியபோது, கைகால் வலிப்பு அடிக்கடி வருபவருக்குச் செய்த கல்யாணத்தையே ரத்து செய்ய வழி வைத்தார்கள். 1999இல் வலிப்பை எடுத்துவிட்டார்கள். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்கலாம் என்பதை 2019இல் எடுத்துவிட்டார்கள். மனநோய் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு இருந்தால்தான் என்று சட்டம் நிபந்தனை வைத்திருக்கிறது. ஆனால் தரகர் அந்த நிபந்தனையை எல்லாம் படிப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். ஊர் பெயரை மாற்றிக்கூடச் சொல்லமாட்டேன், பெயரே கிடையாது. என் ஜன்னலுக்கு ஒரு தகப்பனார் வருவார். கூட்டம் கலைகிற வரை வேப்பமரத்தடியில் நின்று பேப்பர் படிப்பார். படிப்பது என்ன, தலைகீழாகப் பிடித்திருப்பார். ஆள் இல்லாதபோது வந்து சீட்டை மடித்தே நீட்டுவார். மகளுக்கு லித்தியம், மனம் ஒரேயடியாகப் பொங்குவதும் ஒரேயடியாகச் சோர்வதுமான நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை. பின்னால் யாராவது வந்துவிட்டால் சத்தமாக, "கேஸ் டிரபிளுக்குத்தான் தம்பி!" என்பார். நான் பாட்டுக்குக் கொடுத்துவிடுவேன். இன்னொரு பெரியவர் வருவார், வேறு ஊர், டிவிஎஸ் வண்டியில். அவருக்கும் அதே லித்தியம், ஆனால் அவருக்கே. அவர் சொல்வது "மூட்டு வலி தம்பி!"

கேஸ் டிரபிள்காரர் ஒருநாள் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் அப்பா பெயரைப் பார்க்கிறேன், மூட்டு வலிக்காரர்! இரண்டு பேரும் தனித்தனியாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி வீட்டுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்கள். பந்தியில் என்னை இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். அன்று சாப்பிட்ட பாயசம் எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை.

பெண் புகுந்த வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் தெரிந்துவிடுமே. மூன்றாம் மாதம் தூக்கம் போயிற்று. விடிய விடியப் பேச்சு, சிரிப்பு, இருக்கிற புடவையை எல்லாம் அக்கம்பக்கத்தில் அள்ளிக் கொடுப்பது. மாமியார் மந்திரிக்க ஆள் கூப்பிட்டார். மாமனார்தான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்குத் தெரியாதா, அவரே அந்த வழியாக வந்தவர்தானே! மருமகளை டிவிஎஸ்ஸில் உட்கார வைத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமைக் கூட்டத்தில், வரிசையில் நின்று, இரண்டு சீட்டையும் விரித்து வைத்து, ஜன்னலே அதிரச் சொன்னார்: "ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் மருமகளுக்கு. ரெண்டு பேருக்கும் மனசுக்குத்தான் மாத்திரை. போடுங்க தம்பி."

பின்னால் நின்ற ஒரு அம்மாள், "எனக்கும் அதுதான், இவ்வளவு நேரமா எப்படிக் கேக்கிறதுன்னு நின்னேன்" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அந்தப் பெரியவர் மூடி தேடுவதையே விட்டுவிட்டார். பெண் இப்போது நன்றாக இருக்கிறது. லித்தியத்துக்கு அவ்வப்போது ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். மாமனாரும் மருமகளும் ஒரே வண்டியில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

நேரமாகிவிட்டது என்று நூலகர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சினிமாவைப் பற்றிப் பேசினால் ராத்திரி முழுக்கப் பேசலாம். பைத்தியம் என்றால் தலையைச் சொறிந்துகொண்டு இளிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதான். இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கிய டாக்டர் சாரதா மேனன் அம்மையாரைப் பற்றியும் சொல்ல நினைத்தேன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். அதையும் அப்போது சொல்கிறேன். ஜன்னலை மட்டும் விடமாட்டேன்.

எங்கள் பகுதியில் மனநல டாக்டர் வருவது குறிப்பிட்ட ஒரு நாள்தான். தனி அறை, தனி வரிசை. அன்றைக்கு அந்த வரிசையில் நிற்பவர் யார் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கே தெரியும். இதை யார் வேண்டுமென்று செய்தார்கள்? யாரும் இல்லை. ஆனால் ஊர் வாய்க்குத் தீனி போடுவது அந்தத் தனி வரிசைதான். சர்க்கரை மாத்திரை எந்த ஜன்னலோ அதே ஜன்னல், எல்லா நாளும், இந்த மாத்திரையும் இருக்கட்டும். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல திட்டம். எங்கள் தெருவுக்கு வருகிற அந்தப் பையில் மனநோய் மாத்திரை இல்லை. டாக்டர் சீட்டு இருக்கிறவர்களுக்கு அதையும் போடுங்கள் என்றுதான் கேட்கிறோம். டாக்டர் அவர்கள் தலையாட்டுகிறார், சாட்சிக்கு எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனுவில் இந்த இரண்டு கோரிக்கைகள்தான் இருக்கின்றன. வாசல் மேஜையில் வைத்திருக்கிறோம். பேரூராட்சித் தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன், இனி மாற முடியாது. பேசுவதற்கு ஆள் வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. அந்த எண்ணையும் மேஜையில் துண்டுச் சீட்டில் வைத்திருக்கிறோம். டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பேனா நூலகத்துப் பேனா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.