கணக்கைத் தந்தது கையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நேரமாகியும் நாற்காலியை விட்டு எழாத பெரியோர்களே, வணக்கம்.

‘மனிதனுக்குக் கணக்கைத் தந்தது கையா, எழுத்தா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், சுமேரியாவின் களிமண் பலகைகளையெல்லாம் கொண்டுவந்து மேடையில் கொட்டினார். ஊருக் நகரத்தில் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆட்டுக்கும் பார்லிக்கும் கணக்கு எழுதினார்களாம். எழுதட்டும். எழுதியவருக்கு அதற்கு முன்பே எண்ணத் தெரிந்திருக்க வேண்டுமே, அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பாபிலோனியர் 60, 60-ஆக எண்ணினார்கள், 60-க்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். சம்பந்தம் இருக்கிறது ஐயா. அதே பாபிலோனியர் 59-ஐ எப்படி எழுதினார்கள்? பத்தைக் காட்டும் குறி ஐந்து, ஒன்றைக் காட்டும் குறி ஒன்பது. 60-க்குள்ளே பத்து வந்து உட்கார்ந்திருக்கிறது. நடு அமெரிக்காவின் பழங்குடி மாயர்கள் 20-ஐ வைத்து எண்ணினார்கள். கால்விரலையும் சேர்த்துக்கொண்டால் அதுவும் சரியாகப் போயிற்று.

அப்புறம் அவர் சாட்சிக்கு இழுத்தது, ஆப்பிரிக்காவின் காங்கோவில் 1950-ல் கிடைத்த இஷாங்கோ எலும்பு. ஏறத்தாழ 20,000 ஆண்டுப் பழசு, வரிசையாகக் கீறல்கள். அதை எழுத்தின் கணக்கில் சேர்ப்பது கொஞ்சம் பேராசை. அந்தக் கீறல்கள் எத்தனை என்று பார்க்க இன்றைக்கும் ஆராய்ச்சியாளர் ஒவ்வொன்றாக எண்ணித்தான் ஆக வேண்டும். கை அப்படியில்லை. ஐந்து விரலை விரித்துக் காட்டினால் யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

என் பெரிய சாட்சிக்கு வருகிறேன். இங்கிலாந்தின் வடக்கே ஜாரோ மடத்தில் பீட் என்றொரு துறவி. ஈஸ்டர் எந்தத் தேதியில் வரும் என்று கணிப்பதற்காக 725-ல் ஒரு நூல் எழுதினார். அதன் முதல் அத்தியாயமே விரல் கணக்குதான். இடதுகைச் சுண்டுவிரலை மடக்கினால் 1. மோதிரவிரலும் சேர்ந்து மடங்கினால் 2. நடுவிரலும் மடங்கினால் 3. இப்போது சுண்டுவிரலை மட்டும் நிமிர்த்துங்கள், 4. மோதிரவிரலையும் நிமிர்த்தினால் 5. முன்வரிசையில் நாலைந்து பேர் மடக்கிப் பார்க்கிறீர்கள், தெரிகிறது. மோதிரவிரல் சண்டித்தனம் செய்யும், பழகினால் வரும்.

இடதுகையில் அந்த மூன்று விரல்கள் ஒன்றுகளுக்கு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பத்துகளுக்கு. வலதுகையில் கட்டைவிரலும் ஆள்காட்டியும் நூறுகளுக்கு, மற்ற மூன்றும் ஆயிரங்களுக்கு. இரண்டே கையில் 9,999 வரை! ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம். ‘இடமதிப்பு எழுத்தின் கொடை’ என்றாரே எதிரணித் தலைவர், பாபிலோனுக்கும் இந்தியாவுக்கும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பீட் காலத்து ஐரோப்பாவில் எழுத்து என்ன செய்துகொண்டிருந்தது? ரோமன் எண்ணில் 888 எழுத 12 எழுத்து வேண்டும். அங்கே தாளில் இல்லாத இடமதிப்பு கையில் இருந்தது. இந்திய எண்களை விளக்கி இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபனாச்சி நூல் எழுதியது 1202-ல். அதற்குப் பிறகும், 1494-ல் வெனிஸில் அச்சான பச்சோலியின் கணித நூலில் விரல் எண்களுக்கென்றே படம் போட்டிருக்கிறார்கள்.

பீட் அதோடு நிற்கவில்லை. முதல் எழுத்துக்கு 1, இரண்டாம் எழுத்துக்கு 2 என்று விரலில் காட்டினால் வாய் திறக்காமலே பேசலாம் என்கிறார். ஆபத்தான ஆட்கள் நடுவே நண்பன் மாட்டிக்கொண்டால், ‘ஜாக்கிரதையாக நடந்துகொள்’ என்று லத்தீனில் சொல்ல 3, 1, 20, 19, 5, 1, 7, 5 காட்டு என்று உதாரணமும் தருகிறார். எண்ணிய அதே விரல் பேசவும் செய்கிறது!

பழங்கதை என்று நினைக்க வேண்டாம். நம் மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து அழுத்தி விலை பேசுவதில்லையா? மாடு கைமாறிவிடும், பக்கத்தில் நிற்கிறவருக்கு என்ன விலை என்று தெரியாது.

ஐரோப்பாவின் கிறிஸ்தவ மடங்களில் பேசாமல் இருக்க வேண்டிய வேளைகளுக்கென்று துறவிகள் சைகை வைத்திருந்தார்கள். 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயினில், பெத்ரோ போன்சே தெ லெயோன் என்ற துறவி காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். 1620-ல் போனெட் என்பவர் கையெழுத்து வரிசையைப் படத்தோடு அச்சிட்டார். நான் சொல்லும் கையெழுத்து, விரலால் காட்டும் எழுத்து.

எதிரணித் தங்கை ஒரு நல்ல கேள்வி கேட்டார், அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. நடு அமெரிக்க நாடான நிகரகுவாவில் எந்தச் சைகைமொழியும் கற்காமல், வீட்டார் நடுவே சொந்தச் சைகையோடு வாழும் காது கேளாத பெரியவர்களைப் பற்றிய ஆய்வு 2011-ல் வெளியானது. அவர்களுக்கும் பத்து விரல் உண்டு. ஆனால் மூன்றுக்கு மேல் போனால், எத்தனை என்று விரலில் காட்டுவது கூடவோ குறையவோ ஆகிவிடுகிறது. ‘கைதான் கணக்கைத் தந்தது என்றால் இவர்களுக்கு ஏன் தரவில்லை?’ என்றார்.

சரியான அடிதான். விரல் மட்டும் போதாது, ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொல்லும் மொழி வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் தங்கையே, அந்த மொழி எழுத்தாகத்தான் இருக்க வேண்டுமா? அதே நிகரகுவாவில், மனாகுவா நகரத்தில், 1970-களின் கடைசியில் காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் ஒன்றுகூடினார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமல் தங்களுக்குள் ஒரு சைகைமொழியை வளர்த்தெடுத்தார்கள். எண்வரிசை உள்ள சைகைமொழியைக் கற்றவர்கள் 7-ஐ 7-ஆகவே காட்டுகிறார்கள். அந்த வரிசை முழுக்க இருப்பது கையில்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மாவுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: தாளும் வேண்டாம், களிமண்ணும் வேண்டாம் என்று கையிலேயே எண்ணுகிற அந்தப் பிள்ளைகளுக்கு எண்ணைத் தந்தது எந்த எழுத்து என்று முதலில் சொல்லுங்கள். ஊருக் நகரத்துக்கு அப்புறம் போகலாம். நன்றி, வணக்கம்.