உங்கள் முதல் டெலிகிராம் சாட்பாட்

வணக்கம் நேயர்களே. பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ கொஞ்சம் கற்றுக்கொண்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, ஒரு சாட்பாட், அதாவது வருகிற செய்திகளுக்குத் தானாகப் பதில் அனுப்பும் நிரல், செய்து பாருங்கள். டெலிகிராமில் தொடங்குவது நல்லது. 2015-லேயே இந்த வசதியை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், காசும் கிடையாது.

அந்தச் செயலிக்குள் பாட்ஃபாதர் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதுவும் ஒரு சாட்பாட்தான். நியூபாட் என்ற கட்டளையை அதற்கு அனுப்பி, கேட்கிற பெயர்களைக் கொடுத்தால், நீளமாக ஒரு டோக்கன், அதாவது ரகசியச் சாவி போன்ற ஓர் எழுத்துத் தொடர், தரும். இந்த டோக்கன் விஷயத்தில் நான் ரொம்பக் கறார். அது யார் கைக்குப் போகிறதோ அவர் உங்கள் சாட்பாட்டை அப்படியே இயக்கலாம். அதனால் கோடுக்குள் அதை எழுதவே எழுதாதீர்கள், சர்வரில், அதாவது நிரல் ஓடுகிற கணினியில், கோடுக்கு வெளியே என்விரான்மென்ட் வேரியபிள் என்ற அமைப்பாக வையுங்கள். கோடைச் சேமித்துப் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் அது தெரியாமல் ஏறிவிட்டால் அந்த வரியை அழித்தால் போதாது, பழைய பதிப்புகளில் அது அப்படியே இருக்கும். பாட்ஃபாதரிடமே போய் ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

சரி, செய்தி எப்படி வந்து சேர்கிறது? இரண்டு வழி. ஒன்று போலிங்: உங்கள் நிரல் டெலிகிராமிடம் "புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். வருகிற ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அடுத்த முறை கேட்கும்போது கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அதே செய்தி திரும்பத் திரும்ப வரும். இதற்கென்று ஏற்கெனவே எழுதிவைத்த லைப்ரரி பயன்படுத்தினால் அது பார்த்துக்கொள்ளும், ஆனாலும் ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள், விஷயம் மனதில் நிற்கும். இன்னொன்று வெப்ஹுக்: செய்தி வந்ததும் டெலிகிராமே உங்கள் நிரலின் இணைய முகவரிக்கு அனுப்பும், அது எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் பாதுகாப்பான முகவரியாக இருக்க வேண்டும். சரியான பதில் கிடைக்காவிட்டால் மறுபடி அனுப்பும், அப்போது பயனருக்கு ஒரே பதில் இரண்டு முறை போகலாம்.

முதல் சாட்பாட்டுக்குப் போலிங்கே போதும் என்பது என் கருத்து. சொந்த லேப்டாப்பிலேயே ஓடும். ஆனால் லேப்டாப்பை மூடினால் அதுவும் நின்றுவிடும், எடுக்காத செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காது. அதனால்தான் எப்போதும் விழித்திருக்கிற ஒரு சின்ன சர்வர் தேவை, அதில் நிரல் விழுந்தால் தானாக எழுப்பிவிடும் ஏற்பாடும் தேவை. சில இலவச சர்வர்கள் யாரும் அழைக்காவிட்டால் தூங்கிவிடும். அங்கே போலிங் சரிப்படாது, வெப்ஹுக் வைத்தால் வருகிற செய்தியே அதை எழுப்பிவிடும். அப்புறம், சர்வரில் ஏற்றிய பிறகு லேப்டாப்பில் ஓடுவதை மறக்காமல் நிறுத்துங்கள். ஒரே டோக்கனோடு இரண்டு இடத்தில் போலிங் ஓடினால் 409 என்ற பிழை வரும்.

சாட்பாட் தானாக யாருக்கும் முதல் செய்தி அனுப்ப முடியாது, பயனர்தான் ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும். நம்பி அழுத்துகிறவருக்கு, என்னால் இதெல்லாம் முடியும் என்று அது முதல் பதிலிலேயே சொல்லட்டும். புரியாத செய்தி வந்தால் பேசாமல் இருந்துவிடாமல், புரியவில்லை என்றாவது பதில் அனுப்பட்டும். நன்றி, வணக்கம்.