மலாயாவில் பலிச்ச முள்வேலி வியட்நாமில் ஏன் பலிக்கலை?

அடுத்த கேள்வி. "கம்யூனிஸ்டுகளை அடக்க பிரிட்டிஷ்காரங்க மலாயாவில் மக்களை வேலி போட்ட கிராமங்களுக்கு மாத்தினாங்க, ஜெயிச்சாங்க. அதே வேலையைத் தெற்கு வியட்நாமில் செஞ்சப்போ ஏன் தோத்துப்போச்சு? தோட்டத் தமிழர்கள் இதுல எங்க வர்றாங்க?"

நல்ல கேள்வி. வேலியை மட்டும் பார்த்தா விடை கிடைக்காதுங்க. அரிசிக் கணக்கைப் பார்க்கணும்.

1948 ஜூன்ல, பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் மூணு ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகளைச் சுட்டுக் கொன்னாங்க. உடனே அவசரகாலம் வந்துடுச்சு. அது முடிஞ்சது 1960 ஜூலை 31. முதல் ரெண்டு வருஷம் ராணுவம் காட்டைச் சல்லடை போட்டுத் தேடிச்சு, பெரிசா பலன் இல்ல. ஏன்னா சின் பெங் தலைமையில இருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் காட்டை நம்பிப் பிழைக்கலை. காட்டோரமா பட்டா இல்லாம பயிர் செஞ்சு வாழ்ந்த சீனக் குடும்பங்கள் சுமார் அஞ்சு லட்சம் பேர். அவங்க நடுவுல 'மின் யுவென்'னு ஒரு ரகசிய அமைப்பு அரிசி, மருந்து, பணம், தகவல் எல்லாத்தையும் வாங்கி உள்ளே அனுப்பிச்சு.

1950-ல் வந்த ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸ் இந்தக் குழாயைத்தான் அடைக்கப் பார்த்தார். நாலைஞ்சு வருஷத்துல ஏறக்குறைய அஞ்சு லட்சம் பேரைப் 'புதுக்கிராமங்கள்'ல குடியேத்தினாங்க. விருப்பம் கேட்டு இல்ல. விடியக்காலையில லாரியோட வந்து, ஆளை ஏத்திட்டு, பல இடங்கள்ல பழைய குடிசையைக் கொளுத்தினாங்க. இதை யாராவது 'மக்கள் மனசை வென்ற கதை'ன்னு சொன்னா பாதியைத்தான் சொல்றாங்க. 1948 டிசம்பர்ல பத்தாங் காலி கிராமத்துல நிராயுதபாணியா இருந்த 24 பேரை பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்னதும் இதே அவசரகாலத்துலதான்.

சரி, உணவுக் கட்டுப்பாடு எப்படி நடந்துச்சு? முதல்ல 12 வயசுக்கு மேல எல்லாருக்கும் போட்டோவும் கைரேகையும் வச்ச அடையாள அட்டை. கொரில்லாக்கள் ஊர் ஊரா போய் அதைப் பிடுங்கிக் கிழிச்சாங்கன்னா, அது எவ்வளவு உறுத்திச்சுன்னு புரிஞ்சுக்கலாம். ஆளுக்கு இவ்வளவுன்னு அரிசி ரேஷன். கடைக்காரர் யாருக்கு என்ன வித்தார்னு பதிவு வைக்கணும். டின் உணவுன்னா விக்கும்போதே ஓட்டை போட்டுத் தரணும், அப்பதான் சேர்த்து வைக்க முடியாது. சாமான் லாரி குறிச்ச பாதையில, குறிச்ச நேரத்துலதான் போகணும். காலையில ரப்பர் பால்வெட்டுக்குப் போறவங்க வாசல்ல சோதனைக்கு நிக்கணும், மதியச் சோறு கொண்டுபோகக் கூடாது. அப்பவும் சைக்கிள் டியூபுக்குள்ள, சாணி வாளிக்கு அடியில அரிசி போச்சு. அதனால சில பகுதிகள்ல வீட்டுல சமைக்காத அரிசியே இருக்கக் கூடாதுன்னு, பொதுச் சமையல் கூடத்துல சோறா ஆக்கிக் கொடுத்தாங்க. அந்த வெயில்ல சோறு மறுநாளே புளிச்சுடும், தூக்கிட்டுப் போறதும் கஷ்டம். கொரில்லாக்கள் காட்டுக்குள்ளேயே தோட்டம் போட்டா, வரிசை வரிசையா இருக்கிற பாத்தி விமானத்துலேர்ந்து தெளிவாத் தெரியும், மருந்தடிச்சு அழிச்சாங்க.

இது எங்க சறுக்கிச்சுன்னா, ஊர்க்காவல் படைக்காரரே அரிசி கடத்தின இடங்கள் இருந்துச்சு. ஓராங் அஸ்லி பழங்குடிகளை முகாமுக்கு இழுத்துட்டு வந்தப்போ நோயில நிறையப் பேர் செத்தாங்க. அப்புறம் அதை விட்டுட்டு காட்டுக்குள்ளேயே கோட்டை கட்டிக் காவல் வச்சாங்க.

பாராட்டெல்லாம் 1952-ல் பிரிட்டிஷ் உயர் ஆணையரா வந்த ஜெனரல் டெம்ப்ளருக்குப் போகுது. ஆனா 1951 அக்டோபர்லயே, அவருக்கு முன்னாடி உயர் ஆணையரா இருந்த ஹென்றி கர்னியைக் கொரில்லாக்கள் கொன்ன அதே மாசம், கம்யூனிஸ்ட் கட்சி 'பொதுமக்களைத் தாக்குறதைக் குறைங்க, காட்டுக்குள்ள பின்வாங்குங்க'ன்னு உத்தரவு போட்டுடுச்சு. டெம்ப்ளர் செஞ்ச புத்திசாலித்தனம் வேற: 1953-ல் மலாக்காவில் ஆரம்பிச்சு, அமைதியான பகுதியை 'வெள்ளைப் பகுதி'ன்னு அறிவிச்சு ரேஷனையும் ஊரடங்கையும் தூக்கினாங்க. கட்டுப்பாட்டுக்கு ஒரு முடிவு உண்டுன்னு மக்களுக்குத் தெரிஞ்சது. 1957-ல் சுதந்திரமும் வந்ததும், வெள்ளைக்காரனை விரட்டத்தான் போராடுறோம்னு சொல்ல வழியில்லாமப் போச்சு.

இப்ப வியட்நாம். மலாயாவில் இந்த வேலையில அனுபவப்பட்ட ராபர்ட் தாம்சன் 1961-ல் சைகோனுக்கு ஆலோசகரா போனார். அவர் சொன்னது, பாதுகாப்பான இடத்துலேர்ந்து மெதுவா விரிச்சுட்டுப் போங்கன்னு. ஆனா 1962 மார்ச்சில 'சூரியோதயம்'ங்கிற குடியேத்த நடவடிக்கையை, கம்யூனிஸ்டுகள் பலமா இருந்த பென் காட் பகுதியிலேயே ஆரம்பிச்சாங்க. முதல்ல 205 குடும்பத்துல விரும்பி வந்தது 70தான். தெற்கு வியட்நாம் அதிபர் ஜியெமோட தம்பி நூ எண்ணிக்கையைத் துரத்தினார். ஒன்றரை வருஷத்துல ஆயிரக்கணக்கான கிராமம் 'முடிஞ்சது'ன்னு காகிதத்துல ஏறிச்சு. நிறைய இடத்துல சும்மா வேலிதான். திட்டத்தைக் கவனிச்ச கர்னல் ஃபாம் ங்கோக் தாவோ ரகசியக் கம்யூனிஸ்ட்! 1963 நவம்பர்ல ஜியெம் ஆட்சி கவிழ்ந்ததும் எல்லாம் சரிஞ்சது.

அடிப்படை வித்தியாசமும் இருக்கு. மலாயாவில் மாத்தினவங்களுக்கு இழக்கப் பட்டா நிலம் இல்ல, சிலருக்கு அங்க போன பிறகுதான் நில உரிமைச் சீட்டே கிடைச்சது. வியட்நாம் விவசாயிக்கு முன்னோர் கல்லறை அந்த வயல்லயே இருக்கு. மலாயா கொரில்லாக்களுக்குத் தரைவழின்னா தாய்லாந்து எல்லை ஒண்ணுதான், வெளியிலேர்ந்து ஆயுதம் வரலை. தெற்கு வியட்நாமுக்கோ லாவோஸ் வழியா வடக்கு வியட்நாமிலேர்ந்து ஆளும் ஆயுதமும் வந்துட்டே இருந்துச்சு.

தமிழர்கள் விஷயம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயன்களையும் ஒண்ணாச் சேர்த்து வேலி போட்டாங்க; பால்வெட்டு வாசல் சோதனை அவங்களுக்கும்தான். ஆனா அடி முதல்ல விழுந்தது தொழிற்சங்கத்து மேல. 1948-லேயே சட்டத்தைத் திருத்தி அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தை முடக்கினாங்க. அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதியை, துப்பாக்கி வச்சிருந்ததாச் சொல்லி, 1949 மே 4-ல் புடு சிறையில தூக்குல போட்டாங்க. இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனனை அதுக்கு முந்தின நாள் சுட்டுக் கொன்னாங்க. அரசு ஏத்துக்கிட்ட பாணியில, பி.பி. நாராயணன் முன்னின்ன தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-ல் உருவாச்சு. கூலி பேச்சுவார்த்தை அதுக்கப்புறம் அந்த வழியாத்தான் போச்சு.